முத்திரைக்கு முந்திய பதிவேடு

(பென்னலூரில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவு. பேச்சினிடையே வந்த கிளைப்பேச்சுகள் சிலவற்றை நீக்கி, அச்சுக்காகத் திருத்தப்பட்டது.)



வெளிநாட்டில் காட்டுவதற்காக நம் சான்றிதழ்களுக்கும் வணிகத் தாள்களுக்கும் சான்றொப்பம் வாங்குகிறோமே, அதைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். தாள், மை, ரப்பர் முத்திரை, வரிசை, ஏஜெண்ட் என்று வறண்டு கிடக்கும் பொருள்தான். ஆனால் இதைப் பென்னலூரில் பேசாமல் வேறெங்கே பேசுவது? பக்கத்திலேயே இருங்காட்டுக்கோட்டை சிப்காட் தொழிற்பேட்டை; அங்கே 1998 முதல் கொரிய நிறுவனம் கார் செய்கிறது. மேற்கே சுங்குவார்சத்திரத்தில் தைவான் நிறுவனம் கைப்பேசி பொருத்துகிறது. தெற்கே ஒரகடத்தில் 2010இல் பிரெஞ்சு-ஜப்பானியக் கூட்டு ஆலை வந்தது, 2012இல் ஜெர்மானிய லாரி ஆலை வந்தது. இப்போது நம் மாணவர் ஒருவரின் பி.இ. பட்டச் சான்றிதழை இந்த ஐந்து நாடுகளுக்கும் அனுப்புவதாக வைத்துக்கொள்ளுங்கள். கொரியா, ஜப்பான், பிரான்ஸ் மூன்றும் நம் வெளியுறவு அமைச்சகம் ஒட்டித் தரும் ஒரு சிறு ஒட்டுத்தாளைப் பார்த்து ஏற்றுக்கொள்ளும். ஜெர்மனி அந்த ஒட்டுத்தாளை ஏற்பதில்லை. தைவானோடு இந்தியாவுக்கு முறையான தூதரக உறவே இல்லை. 2012இல் சென்னையில் திறந்த அவர்களுடைய பொருளாதார, பண்பாட்டு மையத்தின் வழியாகத் தாள் தனியாகச் சுற்றி வர வேண்டும். சான்றிதழ் ஒன்று, அதில் எழுதியிருக்கும் செய்தியும் ஒன்று. அதை நம்புவதற்கான வழிகள் மட்டும் மூன்று.

இந்த வேறுபாட்டைப் பலர் அதிகாரிகளின் பிடிவாதம் என்று தள்ளிவிடுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கடைசி முத்திரைக்காக நாம் பணத்தையும் பயத்தையும் செலவழிக்கிறோம்; முதல் பதிவேட்டை ஏறெடுத்துப் பார்ப்பதில்லை. தாள் உண்மையா என்ற கேள்விக்கு விடை அந்தப் பதிவேட்டில்தான் இருக்கிறது. மேலே ஏற ஏற யாரும் அதைத் திறப்பதில்லை. ஆகவே சீர்திருத்தம் தில்லியிலிருந்து கீழே வர வேண்டியதில்லை, கீழிருந்து தொடங்க வேண்டும். என் வாதம் இவ்வளவுதான். ஆறு கூறுகளாக விரிக்கிறேன். எல்லாம் ஒரே நீளத்தில் இருக்காது.

1. முத்திரை எதைச் சொல்கிறது

1961 அக்டோபர் 5 அன்று ஹேக் நகரில் ஓர் உடன்படிக்கை உருவானது. அதற்கு முன் ஒரு நாட்டின் தாள் இன்னொரு நாட்டில் செல்ல வேண்டுமானால், கீழ் அலுவலரின் கையெழுத்தை மேல் அலுவலர் உறுதி செய்ய, அவர் கையெழுத்தை அமைச்சகம் உறுதி செய்ய, அமைச்சகத்தின் கையெழுத்தை அந்த நாட்டுத் தூதரகம் உறுதி செய்ய, அங்கே போனபின் அவர்களுடைய வெளியுறவுத் துறை தூதரகக் கையெழுத்தை உறுதி செய்யும். கையெழுத்துக்குக் கையெழுத்து, அதற்கொரு கையெழுத்து. ஹேக் உடன்படிக்கை இந்தச் சங்கிலியின் பின்பாதியை வெட்டியது. தாள் பிறந்த நாட்டிலேயே ஒரு சான்று. அதன்பின் வேறு எதுவும் கேட்கக்கூடாது. அந்தச் சான்றுக்குப் பெயர் அபோஸ்டில். ஓரக்குறிப்பு எழுதுவதைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல். இந்தியா 2004 அக்டோபரில் சேர்ந்தது. 2005 ஜூலை 14 முதல் நமக்கு நடைமுறை. கொரியாவுக்கு 2007 ஜூலை 14. தேதி பொருந்தியது தற்செயல். ஆனால் இந்த வட்டாரத்தில் இருப்பவர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வசதியானது. இன்று 120க்கும் மேற்பட்ட நாடுகள் உறுப்பினர்கள்.

அந்த ஒட்டுத்தாளைக் கொஞ்சம் கிட்டத்தில் வைத்துப் பார்ப்போம். குறைந்தது 9 சென்டிமீட்டர் பக்கமுள்ள சதுரம் என்று உடன்படிக்கையின் மாதிரி சொல்கிறது. தலைப்பு பிரெஞ்சில்தான் இருக்க வேண்டும். கீழே பத்து எண்ணிட்ட வரிகள். நாட்டின் பெயர், இந்தத் தாளில் கையெழுத்திட்டவர் யார், எந்தப் பதவியில் இருந்து இட்டார், யாருடைய முத்திரை இருக்கிறது, சான்று தந்த ஊர், நாள், தந்தவர், வரிசை எண், முத்திரை, கையெழுத்து. பத்திலும் தேடிப் பாருங்கள். படித்தாரா, தேர்ச்சி பெற்றாரா, பிறந்தாரா, மணந்தாரா என்பது பற்றி ஒரு வரியும் இல்லை. அது மறதியால் விட்டதல்ல. கையெழுத்தும், பதவியும், முத்திரையும் மெய் என்பதை மட்டுமே அபோஸ்டில் சான்று கூறும் என்று 5ஆம் விதி தெளிவாக எழுதியிருக்கிறது. பொய்யான செய்தி ஒன்றின் கீழ் மெய்யான அலுவலர் மெய்யான கையெழுத்து இட்டிருந்தால், அந்த அபோஸ்டிலும் சட்டப்படி மெய்யானதே.

நம் ஊரில் சங்கிலியின் முன்பாதி அப்படியே இருக்கிறது. பட்டச் சான்று என்றால் மாநில அரசின் கல்வித்துறை சான்றொப்பம் இட வேண்டும். பிறப்பு, திருமணச் சான்று என்றால் நோட்டரியும் மாநில அரசும். வணிகத் தாள் என்றால் வர்த்தக சபை. அதன்பிறகு வெளியுறவு அமைச்சகம். 2012 முதல் அமைச்சகம் பொதுமக்களிடம் நேரில் தாள் வாங்குவதில்லை. நியமித்த சேவை நிறுவனங்கள் வழியாகத்தான் வாங்குகிறது. 2019 முதல் தில்லியோடு சென்னை உட்பட வேறு நகரங்களிலும் இந்தப் பணி நடக்கிறது. இதில் மாநிலச் சான்றொப்பத்துக்குப் பதிலாகக் கோட்ட நடுவர் ஒருவரின் கையெழுத்தும் போதும் என்ற வழி ஒன்று உண்டு. ஏஜெண்டுகளின் விலைப்பட்டியலைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: கோட்ட நடுவர் வழிக்கு ‘எஸ்.டி.எம்.’ என்று ஒரு வரி, மாநிலக் கல்வித்துறை வழிக்கு ‘ஹெச்.ஆர்.டி.’ என்று ஒரு வரி. முதலாவது சில நாளில் முடியும், விலையும் குறைவு. இரண்டாவது வாரக்கணக்கில் இழுக்கும், விலையும் கூடுதல். ஏன் இந்த வித்தியாசம்? மாநில வழியில் தாள் பல்கலைக்கழகத்துக்குப் போய் உண்மைத்தன்மை கேட்டு வருகிறது. கோட்ட நடுவர் வழியில், தமிழ்நாட்டில் பிறந்த பட்டம் தில்லியில், அந்தப் பல்கலைக்கழகப் பதிவேட்டை ஒருநாளும் பார்த்திராத ஓர் அலுவலரின் கையெழுத்தோடு மேலே ஏற முடிகிறது. இரண்டு தாளிலும் கடைசியில் ஒட்டுவது ஒரே ஒட்டுத்தாள். வெளியே பார்ப்பவருக்கு அந்தப் பத்து வரிகளை வைத்து, பதிவேடு திறந்து பார்க்கப்பட்டதா என்று சொல்ல முடியாது. சில நாட்டுத் தூதரகங்கள் எஸ்.டி.எம். வழியை ஏற்பதில்லை என்றால், விலைப்பட்டியலின் பொருளை அவர்கள் சரியாகப் புரிந்துகொண்டிருக்கிறார்கள்.

2. நம்பாதவர்கள் எங்கே போகிறார்கள்

முத்திரையை நம்ப மறுத்த நாடுகள் அதற்குப் பதிலாக என்ன செய்தன என்று பார்த்தால் என் வாதத்துக்கு வலுவான சான்று கிடைக்கும். ஜெர்மனியை எடுத்துக்கொள்வோம். ஹேக் உடன்படிக்கையில் ஜெர்மனியும் உறுப்பினர்தான். ஆனால் இந்தியா சேர்ந்தபோது அது எதிர்ப்புத் தெரிவித்தது. ஆகவே இரு நாட்டுக்கும் இடையே உடன்படிக்கை செல்லாது. சரி, பழைய தூதரக முத்திரை முறைக்குத் திரும்பினார்களா? இல்லை, இந்தியத் தாள்களுக்கு அதையும் நிறுத்திவிட்டார்கள். ஒரு பிறப்புச் சான்றையோ திருமணச் சான்றையோ அறிய வேண்டுமானால், தூதரகம் ஓர் ஆளை நியமித்து, சான்று வழங்கிய அலுவலகத்துக்கே அனுப்பிப் பதிவேட்டைப் பார்க்கச் சொல்கிறது. செலவு விண்ணப்பதாரர் தலையில். மாணவர்களுக்கு 2022 நவம்பர் 1 முதல் ஏ.பி.எஸ். என்ற கல்விச் சான்று மதிப்பீட்டு மையத்தின் சான்று கட்டாயம். ஒரகடத்தில் ஜெர்மானிய ஆலையில் பயிற்சி பெற்று, மேற்படிப்புக்கு அங்கே போக நினைக்கும் பொறியாளர் அபோஸ்டில் வாங்கப் பணம் கட்டினால் அது வீண்செலவு. அவருக்கு வேண்டியது, அவருடைய மதிப்பெண்களைத் தாளின் கையெழுத்திலிருந்து பிரித்து எடைபோடும் ஒரு சரிபார்ப்பு.

வளைகுடாப் பக்கம் வாருங்கள். ஓமன் 2012இலும் பஹ்ரைன் 2013இலும் சவூதி அரேபியா 2022 டிசம்பரிலும் உடன்படிக்கைக்குள் வந்துவிட்டன. ஐக்கிய அரபு அமீரகம், கத்தார், குவைத் வரவில்லை, அங்கே பழைய நீண்ட சங்கிலிதான். ஆனால் செவிலியராகவோ மருத்துவராகவோ போகிறவர்களைக் கேளுங்கள். சவூதி உள்ளே வந்தாலும் அமீரகம் வெளியே நின்றாலும், அவர்களுடைய படிப்பையும் பணி அனுபவத்தையும் வழங்கிய கல்லூரியிடமும் மருத்துவமனையிடமும் நேரடியாக எழுதிக் கேட்கும் மூலச் சரிபார்ப்பு தனியே நடக்கிறது. உயிர் சம்பந்தப்பட்ட வேலை என்றதும் யாரும் ஒட்டுத்தாளோடு நிறுத்திக்கொள்வதில்லை.

வெளிநாட்டாரை மட்டும் சொல்வானேன். தமிழ்நாடு அரசுப் பணியில் சேரும் ஆசிரியரின் மதிப்பெண் சான்றிதழை அரசுத் தேர்வுகள் இயக்ககத்துக்கு அனுப்பி ‘உண்மைத்தன்மை’ கேட்பது நெடுநாள் வழக்கம். கெஜட்டட் அலுவலரின் பச்சை மைக் கையெழுத்தை நாமே நம்பவில்லை என்றுதானே அதற்குப் பொருள்? 2014இல் மத்திய அரசு சுயசான்றொப்பமே போதும் என்று வலியுறுத்தியபோது, அந்தப் பச்சை மையின் மதிப்பு அதிகாரபூர்வமாகவே விழுந்தது. உள்நாட்டில் கைவிட்ட ஒரு முறையை வெளிநாட்டுக்கு மட்டும் அடுக்கடுக்காக ஏற்றி அனுப்புகிறோம். ‘உண்மைத்தன்மை’ என்ற அந்த அலுவலகச் சொல்லை நான் விடாமல் பயன்படுத்தப்போகிறேன். சான்றொப்பம் என்பது கையெழுத்தைப் பற்றியது, உண்மைத்தன்மை என்பது செய்தியைப் பற்றியது. தமிழ் அலுவலக வழக்கில் இந்த இரண்டும் வேறு வேறு சொற்களாக ஏற்கெனவே இருக்கின்றன.

3. முதல் வரியில் நடக்கும் பிழை

பொய்ச் சான்றிதழைப் பற்றியே நாளிதழ்கள் எழுதுகின்றன. ஆனால் இந்தத் தொழில் வட்டாரத்திலிருந்து வெளிநாடு போகிறவர்களைத் தடுத்து நிறுத்துவது பெரும்பாலும் பொய் அல்ல, பெயர். தமிழர் பெயரில் குடும்பப் பெயர் கிடையாது. தந்தை பெயரின் முதலெழுத்துதான். உலகத்தின் விண்ணப்பப் படிவங்கள் இதை அறியா. ஒரு செல்வத்தை எடுத்துக்கொள்வோம். பிறப்புச் சான்றில் ‘செல்வம்’, தந்தை ‘முருகேசன்’. பத்தாம் வகுப்புச் சான்றில் ‘செல்வம் எம்’. பட்டத்தில் ‘எம். செல்வம்’. பாஸ்போர்ட்டில் இயற்பெயர் செல்வம், குடும்பப்பெயர் முருகேசன். திருமணப் பதிவில் ‘மு. செல்வம்’. மனைவியின் பாஸ்போர்ட்டில் கணவர் பெயர் ‘செல்வம் முருகேசன்’. நமக்கு இவர் ஒரே ஆள் என்பதில் ஐயமே வராது. கொரியாவில் உட்கார்ந்திருக்கும் அலுவலருக்கு இவர்கள் மூன்று பேராவது இருப்பார்கள். தந்தை பெயர் மகனுக்குக் குடும்பப்பெயராகி, அதனால் தந்தையும் மகனும் வேறு வேறு குடும்பப்பெயர் உடையவர்களாகத் தெரியும் விந்தை இன்னொரு பக்கம். இதோடு எழுத்துக்கூட்டல். ‘எழிலரசி’யின் ழகரத்தை ஆங்கிலத்தில் ஒரு பள்ளி எல் என்று எழுதும், இன்னொன்று இசட்-ஹெச் என்று எழுதும். சகரத்துக்கு எஸ், சி-ஹெச் இரண்டும் உண்டு. நெடிலுக்கு ஒரு ஏ, இரண்டு ஏ, எண் சோதிடம் பார்த்தவருக்கு மூன்றாவதும் உண்டு.

இந்தப் பிழைகளில் எதையும் அபோஸ்டில் தீர்க்காது. நான்கு தாளுக்கும் தனித்தனியே ஒட்டுத்தாள் வாங்கினாலும் நான்கு செல்வங்களும் நான்காகவே போவார்கள். பிறகுதான் ‘இருவரும் ஒருவரே’ என்று நோட்டரியிடம் உறுதிமொழிப் பத்திரம், அரசிதழில் பெயர் மாற்ற அறிவிக்கை, அந்த அறிவிக்கைக்கு ஒரு சான்றொப்பம் என்று சங்கிலி பக்கவாட்டிலும் நீள்கிறது. நோட்டரிக்கு இவரைத் தெரியுமா? உறுதிமொழி கொடுத்தவர் அவரேதான் என்பதற்கு மேல் அந்தப் பத்திரத்திலும் ஒன்றுமில்லை. 2021 இறுதியில் தமிழ்நாடு அரசு, பெயரையும் முதலெழுத்தையும் தமிழிலேயே எழுத வேண்டும் என்று ஆணையிட்டது. நல்ல ஆணை, வரவேற்கிறேன். ஆனால் ‘மு.’ என்பதும் ஆங்கில ‘எம்’ என்பதும் ஒரே முருகேசனின் இரு நிழல்கள் என்பதை அதே தாளில் விரித்து எழுதும் ஒரு கட்டம் இருந்தால்தான் அந்த ஆணை கடல் கடந்தும் செல்லும்.

பதிவே இல்லாத தலைமுறையும் இருக்கிறது. பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டம் 1969இல் வந்தது. அதன் 2023ஆம் ஆண்டுத் திருத்தம், 2023 அக்டோபர் 1 முதல் பிறப்பவர்களுக்குப் பிறப்புச் சான்றையே பிறந்த நாளுக்கும் இடத்துக்கும் ஆதாரமாக்கியது. தமிழ்நாட்டில் எல்லாத் திருமணங்களையும் பதிவு செய்ய வேண்டும் என்ற 2009ஆம் ஆண்டுச் சட்டம் அந்த ஆண்டு நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் மணந்த பலரிடம் இருப்பது கல்யாணப் பத்திரிகையும் கோவில் ரசீதும் ஓர் ஆல்பமும். அவற்றுக்கு எந்த ஊர் அமைச்சகமும் முத்திரை இடாது.

முத்திரைக்கு முன் பதிவேடு என்பது நமக்குப் புதிதல்ல. இங்கே பழைய செய்தி ஒன்று. நாகப்பட்டினத்தில் ஸ்ரீவிஜய மன்னர் எழுப்பிய சூடாமணி விகாரத்துக்கு முதலாம் இராசராசன் ஆனைமங்கலத்தைக் கொடுத்தான். அந்தச் செப்பேடுகள் பிற்காலத்தில் நெதர்லாந்தின் லெய்டன் நகருக்குப் போயின. ஹேக் உடன்படிக்கை பிறந்த அதே நாடு. அந்த ஏடுகளில் சோழர் அலுவலக முறை படிப்படியாக இருக்கிறது. அரசன் வாயால் ஆணையிட்டான். திருமந்திர ஓலை எழுதுவான் எழுதினான். திருமந்திர ஓலை நாயகர்கள் ஒப்பினார்கள். அதோடு முடியவில்லை. புரவுவரித் திணைக்களத்தார் அதை வரிப் பதிவேட்டில் ஏற்றினார்கள். நாட்டார் பிடியானையோடு எல்லையைச் சுற்றி நடந்து, கல்லும் கள்ளியும் நட்டு, அறவோலை எழுதிக்கொடுத்தார்கள். ஏட்டின் வளையத்தில் புலியும் கயலும் வில்லும் பொறித்த சோழ முத்திரை அழகாகவே இருக்கிறது. ஆனால் அந்த முத்திரைக்குப் பின்னால் ஒரு பதிவேடும், நிலத்தில் கால் வைத்து நடந்த ஒரு சரிபார்ப்பும் இருந்தன. ஜெர்மன் தூதரகம் இன்று அனுப்பும் ஆள் செய்வதும் அந்த நாட்டார் வேலைதான், யானை மட்டும் இல்லை.

4. சரக்குத் தாள்களின் கதை

வணிகத் தாள்களில் இந்த மாற்றம் ஏற்கெனவே பாதிக்கு மேல் நடந்துவிட்டது என்பதால் இங்கே விரைவாகப் போகிறேன். சரக்கு எந்த நாட்டில் விளைந்தது என்னும் பிறப்பிடச் சான்றை வர்த்தக சபைகள் வழங்கலாம் என்பது 1923ஆம் ஆண்டு ஜெனீவா உடன்படிக்கை காலத்திலிருந்து வரும் முறை. 1836இல் தொடங்கிய சென்னை வர்த்தக சபை போன்றவற்றின் கையொப்பத்துக்கு அந்த நூற்றாண்டின் நம்பிக்கைதான் அடிப்படை. வேடிக்கை என்னவென்றால், வணிகத்தையும் சுங்கத்தையும் நேரடியாகச் சார்ந்த நிர்வாகத் தாள்கள் ஹேக் உடன்படிக்கைக்குள் வராது என்று அதன் முதல் விதியே விலக்கிவிட்டது. இருந்தும் இங்கே இன்வாய்ஸுக்கும் பவர் பத்திரத்துக்கும் நிர்வாகக் குழுத் தீர்மானத்துக்கும் சபை முத்திரை வாங்கி அபோஸ்டிலுக்கு அனுப்பும் வழக்கம் ஓடிக்கொண்டே இருக்கிறது. கேட்பவர் கேட்கிறார், கொடுப்பவர் கொடுக்கிறார்.

கொரியாவோடு 2010 ஜனவரியிலும் ஜப்பானோடு 2011 ஆகஸ்டிலும் அமலுக்கு வந்த பொருளாதார ஒப்பந்தங்களில் வரிச்சலுகை பெறுவதற்கான பிறப்பிடச் சான்றைப் பாருங்கள். சந்தேகம் வந்தால் இறக்குமதி செய்யும் நாட்டுச் சுங்கம், சான்று வழங்கிய அமைப்பிடமே திருப்பிக் கேட்கலாம். சலுகை சாராத சான்றுகளும் 2025 தொடக்கம் முதல் வெளிநாட்டு வணிகத் தலைமை இயக்ககத்தின் இணையத் தளத்தின் வழியாகத்தான். இறக்குமதியாளராக இந்தியா எப்படி நடந்துகொள்கிறது? 2020 செப்டம்பர் 21 முதல் நடப்பில் உள்ள சுங்க விதிகளின்படி, வெளிநாட்டு முத்திரையிட்ட பிறப்பிடச் சான்று கையில் இருந்தால் மட்டும் சலுகை இல்லை. சரக்கு அங்கேதான் உருவானது என்பதற்கான விவரங்களை இறக்குமதியாளரே வைத்திருக்க வேண்டும். இருங்காட்டுக்கோட்டைக்கு உதிரிபாகம் வரவழைக்கும் சிறு நிறுவனத்தின் கணக்காளர் இதை நன்றாக அறிவார். பிறர் முத்திரையை நம் அரசு நம்புவதில்லை என்னும்போது, நம் முத்திரையைப் பிறர் நம்பாததற்குக் கோபித்துக்கொள்ள நமக்கு இடமில்லை.

5. எதிர்த்திசையில் வரும் தாள்

தாள்கள் இங்கிருந்து போவது மட்டுமில்லை, இங்கே வரவும் செய்கின்றன. ஸ்ரீபெரும்புதூர் வட்டத்தில் மனைக்குச் சொந்தக்காரர் சிங்கப்பூரிலோ துபாயிலோ இருப்பார். விற்பதற்கு இங்குள்ள தம்பிக்குப் பவர் பத்திரம் அனுப்புவார். பதிவுச் சட்டம் 1908இன் 33ஆம் பிரிவு, அது அங்குள்ள நோட்டரி, நீதிமன்றம் அல்லது இந்தியத் தூதர் முன் எழுதப்பட்டிருக்க வேண்டும் என்கிறது. முத்திரைத்தாள் சட்டப்படி இந்தியாவுக்கு வந்த மூன்று மாதத்துக்குள் தீர்வை செலுத்த வேண்டும். அதோடு சார்பதிவாளர் முன் தாள் செல்லுபடி ஆகிவிடும். ஆனால் பத்திரம் எழுதிக்கொடுத்தவர் இன்றும் உயிரோடு இருக்கிறாரா, அதிகாரத்தை ரத்து செய்துவிட்டாரா என்பது அந்த முத்திரையில் தெரியாது. மனை வாங்குகிறவர் பணம் கட்டுவதற்கு முன் சிங்கப்பூருக்குப் போன் போட்டுச் சொந்தக்காரரோடு வீடியோவில் பேசுகிறார். சட்டம் கேட்காத இந்த மூலச் சரிபார்ப்பை ஜனங்கள் தாங்களாகவே கண்டுபிடித்துக்கொண்டார்கள்.

6. மறுப்புகள்

என் வாதத்துக்கு வரக்கூடிய மறுப்புகளில் கனமானது இது: கீழ் அலுவலகம்தானே பலவீனமானது? கையூட்டும் கவனக்குறைவும் அங்கேதானே அதிகம்? அதனால்தானே மேலிருந்து ஒரு முத்திரை வேண்டியிருக்கிறது? இதில் பாதி உண்மை. தவறான பதிவு தவறாகவே கணினியிலும் ஏறும். காலம் கடந்து பதியும் பிறப்புகளில் என்ன எழுதினாலும் அதுவே மூலமாகிவிடும். ஆனால் மேல் முத்திரை அந்தப் பலவீனத்தை எங்கே திருத்துகிறது? திருத்த வேண்டுமானால் அது கீழ்ப் பதிவேட்டைத் திறக்க வேண்டும். திறப்பதில்லை என்பதுதான் முதல் கூறில் பார்த்தது. கீழே நடந்த தவறுக்கு மேலே மரியாதை சேர்க்கிறது, அவ்வளவே. பலவீனம் கீழே என்றால் செலவும் கண்காணிப்பும் அங்கேதான் போக வேண்டும்.

இரண்டாவது, ஏழைக்கு எளிது என்னும் வாதம். அபோஸ்டில் கட்டணம் தாளுக்கு 50 ரூபாய்தானே, இதைவிட மலிவாக எது வரும் என்பார்கள். ஒட்டுத்தாள் மலிவுதான். அதை அடையும் பாதை மலிவானதல்ல. ஏஜெண்டுக்குக் கொடுக்கும் பணம், கூரியர், சென்னைக்கு விடுப்புப் போட்டு அலையும் நாள், அசல் சான்றிதழ் முன்பின் தெரியாதவர் கையில் கிடக்கும் வாரங்களின் கவலை, இவை எந்தக் கட்டணப் பட்டியலிலும் வராது. கல்லூரியே இணையத்தில் ஆம், இல்லை என்று பதில் சொல்லுமானால் அசல் வீட்டுப் பீரோவை விட்டு நகர வேண்டியதில்லை. டிஜிலாக்கரும், 2017இல் வந்த தேசியக் கல்விக் களஞ்சியமும், அதே ஆண்டு வெளியுறவு அமைச்சகம் தொடங்கிய இ-சனத் திட்டமும் இதற்கான குழாய்கள். குழாய் போட்டாயிற்று, பல கல்வி நிறுவனங்களின் பழைய தொட்டிகளிலிருந்து இன்னும் தண்ணீர் ஏறவில்லை. பழைய சான்றிதழ் வைத்திருப்பவர்கள், மூடிப்போன பள்ளிகளில் படித்தவர்கள், பதிவில்லாமல் மணந்தவர்கள், இவர்களுக்கு ஒட்டுத்தாள் முறை தொடர்ந்தே ஆக வேண்டும். அதை ஒழிக்கச் சொல்லி நான் வரவில்லை.

மூன்றாவது, நம் பதிவேட்டை அயல்நாட்டான் ஏன் பார்க்க வேண்டும் என்ற கேள்வி. அவன் ஏற்கெனவே ஆளனுப்பிப் பார்க்கிறான். நாம்தான் பார்க்காததுபோல இருக்கிறோம். ஐரோப்பிய ஒன்றியம் தன் உறுப்பு நாடுகளுக்குள் பிறப்பு, திருமணம் போன்ற தாள்களுக்கு அபோஸ்டிலே வேண்டாம் என்று 2019 பிப்ரவரி முதல் எடுத்துவிட்டது. ஐயம் வந்தால் ஒரு நாட்டு அலுவலர் மறு நாட்டு அலுவலரை இணைய வழியில் கேட்கிறார். கேட்கக்கூடிய கேள்வி எது, பதிலில் எவ்வளவு சொல்லலாம் என்பதற்கு வரம்பு இருக்கிறது. நம்மிடமும் 2023ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. வரம்பை நாமே எழுதிக்கொண்டால், தெரியாத ஆள் நம் பதிவாளர் மேசையில் உட்கார்ந்து ஏடு புரட்டும் நிலை வராது. ஹேக் உடன்படிக்கையின் 7ஆம் விதியே, வழங்கிய ஒவ்வோர் அபோஸ்டிலையும் பதிவேட்டில் எழுதி வைத்து, கேட்டவருக்குச் சரிபார்த்துச் சொல்ல வேண்டும் என்கிறது. பதிவேட்டைத் தேடிப் போகும் இயல்பு அந்த உடன்படிக்கைக்குள்ளேயே இருக்கிறது. அதை இன்னும் ஒரு படி கீழே இறக்கச் சொல்கிறேன்.

எந்தப் படி வரை என்று கேட்டால், பத்தாம் வகுப்பு வரை. பொதுத்தேர்வுக்கு முன் அரசுத் தேர்வுகள் இயக்ககத்துக்குப் பள்ளிகள் அனுப்பும் பெயர்ப்பட்டியலைச் சொல்கிறேன். மாணவர் பெயர், முதலெழுத்து, பிறந்த நாள், பெற்றோர் பெயர் எல்லாம் அதில் உறுதியாகின்றன. மதிப்பெண் சான்று, மேல்நிலை, பட்டம், பாஸ்போர்ட், விசா எல்லாம் அந்த ஒரு வரியைப் பின்பற்றியே போகின்றன. இந்த வட்டாரத்துப் பள்ளிகளில் அந்தப் பட்டியல் தயாராகும் வாரத்தில், பகல் ஷிஃப்டில் இருக்கும் பெற்றோர் பலரால் வர முடியாது. பிள்ளையே பார்த்துக் கையெழுத்திட்டுவிடும். அந்த வாரத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பள்ளியைத் திறந்து வைத்து, பிறப்புச் சான்றையும் தந்தையின் ஆதாரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, முதலெழுத்தை விரித்து, ஆங்கில எழுத்துக்கூட்டலைப் பெற்றோர் வாயால் கேட்டு எழுத ஓர் ஆசிரியரும் ஒரு தன்னார்வலரும் போதும். இந்த அரங்கில் இருக்கும் மாணவர்களே, வரும் ஆண்டுப் பட்டியல் எந்த வாரம் போகிறது என்று பக்கத்து அரசுப் பள்ளியில் கேட்டு வையுங்கள்.